அடிக்கிறார் என்றால் எப்போது

ஜூலை 8, செவ்வாய்

காலையில் கொட்டும் மழை. எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் கூரை போட்ட நடைபாதை இருந்தும் செருப்பு நனைந்துவிட்டது. சலவை இயந்திரத்தின் அடியில் மறுபடி தண்ணீர். வீட்டுக்காரர் சேகரிடம் சொன்னேன். பார்க்கிறேன் என்றார். பார்க்க மாட்டார்.

ஞாயிறு வகுப்புக்குப் பாடம் தயார் செய்ய வேண்டும். இந்த வாரம் ஆங்கிலத்தின் இரண்டு நிகழ்காலங்கள். 'ஹி டிரிங்ஸ் காஃபி', 'ஹி இஸ் டிரிங்கிங் காஃபி'. முதலாவது வழக்கம், இரண்டாவது இந்த நிமிடம். தமிழில் இரண்டுக்கும் 'குடிக்கிறார்' போதும். அதனால்தான் ஊரிலிருந்து வந்த நம் பெண்களுக்கு இவ்வளவு குழப்பம். பரிமளா எல்லாவற்றுக்கும் 'இங்' போட்டுவிடுகிறாள். போன வாரம் 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்' என்றாள். சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

போன்வழி மொழிபெயர்ப்பு வேலை, இன்று சுமார். நாள் முழுக்கக் காதில் ஹெட்போன், ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் தமிழ், நடுவில் நான். மருந்தகத்திலிருந்து ஒரு பெரியவருக்கு மாத்திரை விளக்கம். ஓர் உயர்நிலைப் பள்ளி, ஒரு பையனின் அப்பாவுக்குக் காதே கேட்கவில்லை, கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. நாலு மணிக்கு மேல் தெம்பனிஸில் ஒரு பாலர் பள்ளி. பிள்ளை திங்கள் முதல் வரவில்லை, அம்மாவிடம் காரணம் கேட்க வேண்டும் என்று ஆசிரியை அழைத்தார். அம்மா ஊர்ப்பக்கம், தஞ்சாவூர்ப் பேச்சு. காய்ச்சல் என்றாள். வீட்டில் எல்லாம் சரியா என்று கேட்கச் சொன்னார் ஆசிரியை. கேட்டேன். கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும். அப்புறம் மெதுவாக, "அவங்க அப்பா அவள அடிக்கிறாருங்க."

'ஹி ஹிட்ஸ் ஹெர்' என்று சொன்னேன்.

ஆசிரியை பதறிவிட்டார். குடும்ப சேவை ஆட்களிடம் சொல்கிறேன், வியாழக்கிழமை காலை வீட்டுக்கு வருவார்கள் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"வியாழக்கிழமையா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். சரிங்க என்று வைத்துவிட்டாள்.

இரவுக்கு ரசம், கருவாடு. பிரஷர் மாத்திரை போட மறந்து, படுத்த பிறகு எழுந்து போட்டேன்.

ஜூலை 9, புதன்

வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன்.

மத்தியானம் ஃபரிதா போன் செய்தாள். எங்கள் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. பிள்ளைகள் வார்டில் தமிழ் அம்மா ஒருத்தி, போனில் சரிப்படவில்லை, நேரில் ஆள் கேட்கிறார்கள், போறியா என்றாள். போனேன்.

கட்டிலில் ஆறு வயதுப் பெண். இடது கையில் கட்டு, காதைச் சுற்றிப் பஞ்சு. தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில், காலைத் தடவியபடி. வணக்கம், நான் மொழிபெயர்க்க வந்திருக்கேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நீளமாக. "வணக்கம்க்கா" என்றாள்.

அந்தக் குரல்.

பெயர் எழுதக் கூடாது. க. என்று வைத்துக்கொள்கிறேன். பிள்ளை பாப்பா.

டாக்டர், சமூக ஊழியர் ஷாரன், நான். எப்போது நடந்தது என்று டாக்டர் கேட்டார். நேற்று சாயந்தரம் என்றாள் க. பாலர் பள்ளியிலிருந்து போன் வந்தபோது. புருஷன் உள்ளே அறையில், பாப்பாவோடு. இவள் அடுப்படியில் போனை வைத்துக்கொண்டு, அவனுக்குக் கேட்காமல்.

"சொன்னேங்க போன்ல. அடிக்கிறாருன்னு சொன்னேன். வியாழக்கிழம வர்றோம்னாங்க."

அதை நான்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவள் 'நான்' என்றால் நானும் 'ஐ' என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. சொன்னேன். 'ஐ டோல்ட் தெம் ஹி இஸ் ஹிட்டிங் ஹெர்.' இந்தத் தடவை 'இஸ்', 'இங்' இரண்டும் தானாக வந்தன. ஒரு நாள் தாமதமாக.

போனை வைத்த பிறகுதான் பிள்ளையைச் சுவரில் மோதியிருக்கிறான். அடுத்த வீட்டு மலாய்க்காரர்தான் போலிசைக் கூப்பிட்டாராம். கை எலும்பு முறிவு. காதுப் பக்கம் மண்டையோட்டில் விரிசல். அந்தக் காது கேட்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். புருஷன் போலிஸ் காவலில்.

நான்தான் அந்த போன் என்று யாரிடமும் சொல்லவில்லை. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஜூலை 10, வியாழன்

விடுப்பு போட்டேன். தலைவலி என்று.

இன்றைக்குத்தான் அவர்கள் வீட்டுக்கு வருவதாக இருந்த வியாழக்கிழமை.

மெதுவாகப் பேசினாள். வெட்கம் என்று நினைத்தேன். அவனுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்ற பயம் அது.

வீடு எரியுது என்று ஒருத்தி சொன்னால் தினமும் எரிகிறது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பிள்ளை அழுகிறாள் என்றாலும் இப்போது என்றுதான் புரிகிறது. அடிக்கிறார் என்பதை மட்டும் ஏன் வழக்கம் என்று எடுத்துக்கொண்டேன்? இந்த வேலையில் பதினோரு வருஷம். எத்தனை பெண்கள் இந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார்கள். குடிக்கிறார், அடிக்கிறார், காசு தர மாட்டேங்கிறார். எல்லாம் வழக்கம். எனக்கு அது பழகிவிட்டது. அவளுக்குப் பழகவில்லை.

'அடிச்சிக்கிட்டு இருக்காரு' என்று சொல்லியிருந்தால்? பயத்தில் இருக்கிறவளுக்கு நீள வார்த்தை எங்கே வரும்.

தெளிவில்லை என்றால் நிறுத்திக் கேட்கலாம், எங்களுக்கு அந்த அனுமதி உண்டு. 'இப்பவா?' ஒரே ஒரு வார்த்தை. கேட்கவில்லை. எனக்குத் தெளிவாக இருந்ததுதான் பிரச்சினை.

சாயந்தரம் சேகரிடம் சொன்னேன். டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார், அதுவே பெரிய விஷயம். "நீ ரூல் படிதானே செஞ்சே. அதுக்கு மேல என்ன செய்ய முடியும்." தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

சாப்பிடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

இதைத் தவறாமல் எழுத வேண்டும்.

ஷாரன் மறுபடி என்னையே கேட்டிருக்கிறார். க.வுக்கு என்னோடு பேச வசதியாக இருக்கிறதாம். வார்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, மேசை, டிஷ்யூ பெட்டி. ஷாரன் இளம்பெண், நல்லவர், மெதுவாகத்தான் பேசுகிறார். பாலர் பள்ளி ஆசிரியை அன்றைக்கே எழுதி வைத்த குறிப்பு அவர் கையில் இருந்தது.

உங்கள் கணவர் பிள்ளையை எத்தனை நாளாக அடிக்கிறார் என்று கேட்டார். க. தலையை ஆட்டினாள். தன்னைத்தான் அடிப்பான், கல்யாணம் ஆனதிலிருந்து. பிள்ளைமேல் கை வைத்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஷாரன் குறிப்பைப் பார்த்தார். ஆனால் ஆசிரியையிடம் 'ஹி ஹிட்ஸ் ஹெர்' என்று சொல்லியிருக்கிறீர்களே?

இதை நான் தமிழில் கேட்க வேண்டும். வாய் திறக்கும்போதே தெரிந்துவிட்டது. தமிழில் கொண்டுவந்தால் அது மறுபடி அவள் சொன்ன அதே சொல்லாக ஆகிவிடும். வேறு எப்படிக் கேட்பது? வழக்கமா அடிப்பார்னு சொன்னீங்களா என்று கேட்டிருக்கலாம். அது நான் சேர்ப்பது. சேர்க்கக் கூடாது. அந்த ஒரு விநாடியில் ரூல்தான் ஞாபகம் வந்தது.

"டீச்சர்கிட்ட, அவர் அவள அடிக்கிறாருன்னு சொன்னீங்களே?"

"ஆமாங்க. சொன்னேன்."

'யெஸ். ஐ செட் ஸோ.'

ஷாரன் எழுதிக்கொண்டார். தட்டச்சு செய்யும் சத்தம். அவ்வளவுதான். க. தன் வாயாலேயே ஒத்துக்கொண்டாள் என்று ஆகிவிட்டது. அவன் பிள்ளையை அடிப்பது வழக்கம், அம்மாவுக்குத் தெரியும், தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை, இப்போது முதல் தடவை என்று மாற்றிப் பேசுகிறாள்.

ஷாரனின் முகம் கொஞ்சம் மாறியது. குரல் மாறவில்லை. ஏன் முன்பே உதவி கேட்கவில்லை என்று கேட்டார். க.வுக்குக் கேள்வியே புரியவில்லை. கேட்டேனே, போன்ல கேட்டேனே என்றாள். அதையும் மொழிபெயர்த்தேன். தப்பில்லாமல்.

பாப்பாவை அம்மாவிடம் அனுப்புவதா என்று இனிமேல்தான் முடிவு செய்வார்களாம்.

வெளியே வரும்போது க. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இருக்கறதால தெம்பா இருக்குக்கா."

ஜூலை 13, ஞாயிறு

வகுப்பு. போகாமல் இருக்க முடியவில்லை, ஆறு பெண்களும் ஒரு நாள் லீவை விட்டு வருகிறார்கள். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், நடக்க இடமில்லை. மளிகைக் கடைக்கு மேல் மாடி, மின்விசிறி ஒன்றுதான் ஓடியது. கீழேயிருந்து மல்லிகைப்பூ, மசாலா வாசனை.

பாடத்தை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் போன வாரமே சொல்லி வைத்தாகிவிட்டது, அவர்கள் நோட்டில் தலைப்பு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பலகையில் எழுதினேன். அவர் காப்பி குடிக்கிறார், இரண்டு விதமாக. எல்லாரும் சேர்ந்து படித்தார்கள். அவள் சமைக்கிறாள், இரண்டு விதமாக. குழந்தை தூங்குகிறது, இரண்டு விதமாக.

பரிமளா கை தூக்கினாள். "அக்கா, தமிழ்ல ஒருத்தர் குடிக்கிறாருன்னு மட்டும் சொன்னா, எந்தக் குடிக்கிறாருன்னு நமக்கு எப்படிக்கா தெரியும்?"

"கேக்கணும்" என்றேன்.

தண்ணீர் குடித்தேன். பலகைப் பக்கம் திரும்பி ஏதோ அழித்தேன். உடம்பு முடியலியாக்கா என்றாள் ஒருத்தி. ஆமாம் என்று சொல்லி அரை மணி நேரம் முன்னதாகவே அனுப்பிவிட்டேன்.

எம்ஆர்டியில் யாரோ இரண்டு பள்ளிப் பிள்ளைகள், சீருடையில்லாமல். "ஹே, உங்கம்மா கால் பண்றாங்க டா." "லேட்டர் பேசிக்கலாம் லா." நான் இறங்கும் ஈசூன் வருகிற வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். கால் பண்றாங்க. இப்போது.

ஜூலை 14, திங்கள்

ஃபரிதாவிடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டுப் பதிவைப் போட்டாள். எல்லா அழைப்பும் பதிவாகும்.

என் குரலைக் கேட்டேன். எவ்வளவு சுத்தமான ஆங்கிலம். தடங்கல் இல்லை, தயக்கம் இல்லை. அவள் சொல்லி முடிக்கும் முன்பே தயாராக இருந்திருக்கிறேன்.

அவள் பேசும்போது பின்னால் டிவி. டிவிக்கு அடியில் இன்னொரு சத்தம், அழுகை மாதிரி. திரும்பப் போடச் சொன்னேன். மறுபடி போடச் சொன்னேன்.

"டிவிதான் மாலா அது."

"இல்ல ஃபரிதா, கேளு."

"எனக்கு டிவிதான் கேக்குது லா." ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "அவங்க சொன்ன வார்த்தைக்கு நீ சொன்னதும் கரெக்ட். இன்னொண்ணும் கரெக்ட். யாரும் உன்ன தப்பு சொல்ல முடியாது."

அதைத்தான் தாங்க முடியவில்லை. தப்பு என்று ஒருவராவது சொன்னால் பரவாயில்லை.

நடந்ததை ஷாரனுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். போகும்போது தன் டப்பாவிலிருந்து பிரியாணியில் பாதியை என் தட்டில் போட்டாள். நாலு வாய் சாப்பிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

எழுதிக் கொடுக்கலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம்.

பாப்பாவுக்குக் காது சோதனை முடிந்தது. இடது காது இனிக் கேட்காது. ஃபரிதா மெசேஜ் அனுப்பினாள். நான் கேட்டுக்கொண்டதால்.

சேகர் சலவை இயந்திரக்காரனைக் கூப்பிட்டிருக்கிறார். ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டதாம். மாற்றியாயிற்று.

எழுதிக் கொடுக்கப்போவதைச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டார். "எழுதிக் குடுத்தா அந்தப் பிள்ளைக்குக் காது வந்துருமா?"

வராது.

"அப்ப எதுக்கு?"

அம்மா பொய் சொல்லவில்லை என்பதற்கு. அதைச் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. எனக்காகப் பயப்படுகிறார். சட்டைகளை அடுக்கி அலமாரியில் வைத்தார், என் பக்கத்துத் துணியையும் சேர்த்து.

ஜூலை 16, புதன்

ஷாரனைப் பார்த்தேன், அவர் அலுவலகத்தில், குவீன்ஸ்டவுனில். எழுதியதைக் கொடுத்தேன். வாயாலும் சொன்னேன். அந்த அழைப்பில் பேசியது நான். அவள் சொன்ன சொல்லுக்கு இரண்டு அர்த்தம். நான் ஒன்றை எடுத்தேன். வெள்ளிக்கிழமை 'ஆமாங்க' என்றதும் அதே சொல்லுக்குத்தான்.

கவனமாகக் கேட்டார். அப்படியானால் அவர் உண்மையில் எதைச் சொன்னார் என்று கேட்டார்.

இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்றேன்.

ஆனால் நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தீர்கள், பதினோரு வருஷ அனுபவம் உங்களுக்கு, அவர் பேசிய விதத்தில் ஏதோ ஒன்று இருந்ததால்தானே அப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்றார். குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை. உண்மையாகத் தெரிந்துகொள்ளக் கேட்டார்.

இல்லை, எனக்குக் கேட்டுக் கேட்டு மரத்துப்போய்விட்டது என்பதற்கு ஆங்கிலத்தில் வார்த்தை தேடினேன். எனக்கே வார்த்தை கிடைக்கவில்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு இட்' என்றேன். கேட்க அசிங்கமாக இருந்தது.

திரையில் அவர் எழுதியது கண்ணில் பட்டது. மொழிபெயர்ப்பாளருக்கு இப்போது உறுதியில்லை.

அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது. அவள் சொன்னதை உறுதியாக்கப் போனேன், என் உறுதியையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

கடைசியில் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். நீங்கள் இந்த விஷயத்தில் ஒரு சாட்சி மாதிரி ஆகிவிட்டீர்கள், இனிமேல் அவருக்காக நீங்கள் பேசுவது சரியாக இருக்காது, வேறு ஆள் ஏற்பாடு செய்கிறோம். வழக்கு முடியும்வரை அவரோடு பேச வேண்டாம். நியாயம்தான். லிஃப்ட் வரைக்கும் கூட வந்து நன்றி சொன்னார்.

இது நடக்கும் என்று ஏன் யோசிக்கவில்லை?

ஜூலை 18, வெள்ளி

மழை. வேலைக்குப் போனேன். அழைப்புகள் நிறைய. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறேன். இப்பவா, வழக்கமாவா? ஒரு நர்ஸ் எரிச்சலாகி, வலிக்குதா இல்லையா என்று மட்டும் கேளுங்கள் என்றார்.

க.வுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டாராம். போனில்தான். ஸ்பீக்கரில்.

ஜூலை 20, ஞாயிறு

வகுப்பு இல்லை என்று செய்தி அனுப்பினேன். பரிமளா ஒரு பூப் படம் அனுப்பினாள், உடம்பைப் பாத்துக்குங்க என்று. படுத்தே கிடந்தேன். சேகர் கஞ்சி வைத்தார். உப்பு இல்லை. சொல்லவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

அதே ஆஸ்பத்திரி. வேறு ஆளுக்கு, கண் சிகிச்சைப் பிரிவில், பெரியம்மா ஒருத்தருக்குச் சொட்டு மருந்து எப்படிப் போடுவது என்று. பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கீழே சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் இடத்தில் பாலில்லாத டீ, தே ஓ, வாங்கிக்கொண்டு திரும்பினால் க., தனியாக. மேசைமேல் பிளாஸ்டிக் பை, உள்ளே பிள்ளையின் துணிகள், மடித்து.

போய்விட்டிருக்கலாம். பேசக் கூடாது. எதிரில் உட்கார்ந்தேன்.

முடிவு சொல்லிவிட்டார்கள் என்றாள். வழக்கு முடியும்வரை பாப்பா வளர்ப்பு வீட்டில். இவள் போய்ப் பார்க்கலாம், கூட ஓர் அதிகாரி இருப்பார். இன்றைக்கு மூணு மணிக்கு மேல் அழைத்துப் போவார்கள். ஸ்பீக்கரில் பேசியவர் சொன்னதில் பாதி புரியவில்லை, சத்தம் விட்டு விட்டு வந்தது. துணியை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுத் தரலாம் என்று கீழே வந்தாளாம். மேலே வைத்துப் பார்த்தால் பாப்பா கேள்வி கேட்கிறாள்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "அன்னிக்கு போன்ல பேசினது நான்தான்" என்றேன்.

அவள் நிமிரவில்லை. ஒரு சின்னக் கவுனின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும்க்கா. வார்டுல வந்து வணக்கம் சொன்னீங்கல்ல, அப்பவே தெரியும்."

ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உங்கள அனுப்பிருவாங்கல்ல. அப்புறம் எனக்கு யாருக்கா பேசுவா?" பொத்தானைப் போட்டு முடித்தாள். கோபம் இல்லை. களைப்பு. "நீங்க ஏன்க்கா சொன்னீங்க?"

உண்மை என்பதால் என்று சொல்லலாம். என் நெஞ்சு தாங்கவில்லை என்பதும் உண்மை. எது முதலில் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் போன் அடித்தது. எடுத்தாள். ஆங்கிலம், வேகமாக. காதிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் பேசக் கூடாது. வாங்கினேன். வார்டு நர்ஸ். ஆட்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள், அம்மா எங்கே, பிள்ளையைக் கீழே கொண்டுபோகிறார்கள். 'தே ஆர் டேக்கிங் ஹெர் டவுன்.'

"பாப்பாவக் கூட்டிட்டுப் போறாங்க" என்றேன். அவள் தலையாட்டினாள், மூணு மணிக்கு என்று தெரியும் என்பது போல, பையின் வாயை மெதுவாக மடித்துக்கொண்டு.

"இப்ப. இப்பவே கூட்டிட்டுப் போறாங்க. ஓடும்மா."

பையை விட்டுவிட்டு ஓடினாள். நான் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். லிஃப்ட் பக்கம் ஒரே கூட்டம், சக்கர நாற்காலிகள். எந்த லிஃப்ட் என்று தெரியவில்லை, அவளையும் காணவில்லை. பை இப்போது என்னிடம்தான் இருக்கிறது.